ஒன்றாம் வகுப்புக்கு முன் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்கள் குடியிருப்பில் அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். பெற்றோர் நாங்கள் சேர்ந்து, வாரக் கடைசியில் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

சேர்ந்து செய்ய நினைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் எழுத்திலிருந்து தொடங்க வேண்டாம். எழுத்தைப் பள்ளி சொல்லிக்கொடுத்துவிடும். அம்மாவை விட்டு உட்கார, தன் முறை வரும்வரை பொறுத்திருக்க, கழிப்பறைக்குப் போகணும் என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாத குழந்தைதான் முதல் சில மாதங்கள் தவித்துப்போகும். இதெல்லாம் மற்ற பிள்ளைகளோடு விளையாடி, பெரியவர்களோடு பேசிப் பேசி வருவது. அதனால் உங்கள் வாரக் கடைசியை விளையாட்டுக்கும் கதைக்கும் கொடுங்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள், திருத்த அவசரப்படாதீர்கள். தாத்தா பாட்டிகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

காதையும் கண்ணையும் மறக்கக் கூடாது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த குழந்தைக்குப் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். வகுப்பில் அதற்குக் 'கவனமில்லாத பிள்ளை' என்று பெயர் வந்துவிடும். பக்கத்தில் ஒரு செவிலியர் இருந்தால் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகக் கவலை, உங்கள் கூட்டத்துக்கு வராத வீடுகளைப் பற்றித்தான். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள், படிக்கத் தெரியாததால் கூச்சப்படுகிறவர்கள். இவர்கள் வீட்டுக்கு நாம்தான் போக வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில், ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசினார்கள். அங்கே படித்த 58 பேரையும், ஒப்பிடுவதற்காக அந்த வகுப்பில் சேராத 65 பேரையும் 40 வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் அந்த 58 பேரிடையே அதிகம். வகுப்பு, வீட்டுச் சந்திப்பு இரண்டில் எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டுக்குப் போவதை நான் விடவே மாட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒன்றாம் வகுப்பு ஆசிரியரையும் மழலையர் பள்ளி ஆசிரியரையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள். இவர் அனுப்பிவைக்கும் குழந்தைதான் அவரிடம் போகிறது. ஆனாலும் இருவரும் பேசிக்கொள்ள வாய்ப்பே அமைவதில்லை. பள்ளி திறக்கும் முன் ஒருநாள் குழந்தைகள் வகுப்பறையையும் கழிப்பறையையும் பார்த்துவர அனுமதி கேளுங்கள். வராத வீட்டுக் குழந்தைகளையும் அன்று கையோடு கூட்டிப் போங்கள்.