பாத்தியில் தானாக முளைத்தது கீழாநெல்லியா, புளியங்கன்றா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கிடைப்பதால், விதைக்காத செடிகள் கீரைப் பாத்தியில் அடிக்கடி தலைகாட்டும். கீழாநெல்லியும் புளியங்கன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஆளைக் காட்டிக்கொடுப்பது கூட்டிலை, அதாவது பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும் ஒரே இலை.

தென்னையை நினைத்துப் பாருங்கள். ஒரு மட்டை முழுவதும் ஒரே இலைதான். பாளை மட்டையின் கக்கத்தில் வரும், ஓலைக்கீற்றின் அடியில் வராது. மொட்டும் பூவும் முழு இலையின் கக்கத்தில்தான் பிறக்கும், சிற்றிலையின் கக்கத்தில் பிறக்காது. புளியும் அப்படியே.

கீழாநெல்லியில் இலைபோலத் தெரிவது உண்மையில் மெல்லிய கிளை. அதிலுள்ள ஒவ்வொன்றும் தனி இலை. அதனால்தான் ஒவ்வொன்றின் அடியிலும் பூ, காய் வருகிறது.

செடி ஒரு சாண் உயரம் வரும்வரை பிடுங்காதீர்கள். அதற்கு முன் பூ இல்லாமல் போகலாம், அப்போது ஊகம்தான் மிஞ்சும். பிறகு ஒரு பக்கக் கிளையைத் திருப்பி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கடுகளவு வழுவழுப்பான பச்சைக் காய்கள் சிறு காம்பில் வரிசையாகத் தொங்கினால் கீழாநெல்லி. இரவில் இலை மூடுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டுமே மூடும்.

இலைக்குக் கீழே காய்த்தாலே கீழாநெல்லி என்று பலர் நம்பிப் பறித்துவிடுகிறார்கள். தண்டு சிவந்து, சொரசொரப்பான காய் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடி, சிவப்புக் கீழாநெல்லி.