பங்குப் பள்ளியின் வரலாற்றை எழுத எங்கிருந்து தொடங்குவது?

கடலூர் பக்கம் உங்கள் பங்குப் பள்ளியின், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த பள்ளியின், ஆண்டு விழா மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சாமியார் எந்தக் கட்டடம் கட்டினார் என்பதைத் தாண்டி என்ன எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துப் பங்குப் பள்ளி ஒன்றில் படித்து, அங்கேயே தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பள்ளி மலருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். சாமியார்கள் பெயரையும் திறப்பு விழாத் தேதிகளையும் ஓர் அட்டவணையாகக் கடைசியில் போட்டுவிடுங்கள். மற்ற பக்கங்களில் பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள். எந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், யார் பாதியில் நின்றார்கள், எப்போதிலிருந்து நிற்காமல் படித்தார்கள் என்று பார்த்தால் பள்ளி வளர்ந்த கதை தானாக வந்துவிடும்.

உங்கள் பள்ளி எந்த வருஷம் தொடங்கியிருந்தாலும் 1844-ஐத் தொட்டுவிட்டு வாருங்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் போனாந் புதுச்சேரியில் மிஷன் குருக்களைக் கூட்டி ஒரு சினோது, அதாவது திருச்சபை ஆலோசனைக் கூட்டம், நடத்தினார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதும் பள்ளிகள் திறப்பதும் அங்கே பேசப்பட்ட முக்கியமான விஷயங்கள். அதே ஆண்டில்தான் பெத்தி செமினார் பள்ளி தொடங்கியது. அதை எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த அக்டோபரில் நடந்தது. லூயி சவினியன் துப்புயி என்ற, பாரீஸ் மிஷன் என்னும் பிரெஞ்சு மறைபரப்புச் சபையின் சாமியார், உள்ளூர்ப் பெண்களையே சேர்த்து மரியாளின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கினார். நோக்கம், பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு.

பெண்ணுக்கு எழுத்து எதற்கு, அது கோயில் தாசிகளுக்கு உரியது என்று பெரியவர்களே பேசிய காலம் அது. ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். குளூனி சபைக் கன்னியர் 1827-இலேயே புதுச்சேரிக்கு வந்திருந்தார்கள் என்றாலும், கிராமத்துப் பெண் பிள்ளைக்கு அவள் பேசும் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க ஊர்ப் பெண்கள்தான் வேண்டியிருந்தது. துப்புயி அதைப் புரிந்துகொண்டார். தமிழ் நன்றாகக் கற்றவர். மூசே சாமியாரோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்தவர். மிஷன் அச்சுக்கூடத்தையும் கவனித்தார். பள்ளி, வாத்தியாரம்மா, புத்தகம் மூன்றும் ஒரே மனிதரின் கவனத்தில் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைந்துபோகிறது. அவர் 1874-இல் இறந்தார். நம் பக்கத்துப் பங்குகளில் எத்தனையோ பாட்டிமார் கையெழுத்துப் போடக் கற்றது கன்னியர் மடத்துத் திண்ணையில்தான்.

அடுத்து, எல்லைக் கதையை விட்டுவிடாதீர்கள். பாகூர் பிரெஞ்சுக்காரர் கையில், பக்கத்திலிருக்கும் ரெட்டிச்சாவடி ஆங்கிலேயர் கையில். ஒரே ஆயரின் கீழ் இருந்த பங்குகள் இரண்டு அரசாங்கங்களின் பள்ளி முறைக்குள் கிடந்தன. கடலூர் பக்கம் 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பிறகு கிராண்ட், அதாவது அரசு மானியம், வந்தது. கிராண்டோடு ஆய்வாளரும் வந்தார், பதிவேடுகளும் வந்தன. புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. 1953-இல் உயர்மறைமாவட்டத்தின் பெயரில் கடலூரும் சேர்ந்தது. உபதேசியார் (ஊரில் ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பவர்) நடத்திய திண்ணைப் பள்ளி, ஓட்டுக் கட்டடம், நடுநிலை, உயர்நிலை, 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த பின் மேல்நிலை என்ற ஏணி எல்லாப் பள்ளிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு பத்தியில் முடித்துவிடலாம்.

உங்கள் பள்ளிக்கு மட்டுமே உரியது சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. தலைமையாசிரியர் அறை பீரோவில் அடித்தட்டில், காலிகோ அட்டை போட்டுக் கனமாகக் கிடக்கும். அனுமதி கேட்டு, மேசையில் விரித்து உட்காருங்கள். பெற்றோர் தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். எங்கள் பதிவேட்டில் பக்கம் பக்கமாகக் கூலி, நெசவு, மீன்பிடி என்றே இருந்தது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்ததற்குப் பிந்தைய பக்கங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக 'நெய்வேலி' என்று வருகிறது. பிறகு டிரைவர், பிறகு சிப்காட், பிறகு வெளிநாடு. மாவட்டத்தின் பிழைப்பு மாறியது முழுக்க அந்த ஒரு கட்டத்தில் தெரிகிறது.

வலது ஓரத்தில் 'விலகிய காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிதானமாகப் படியுங்கள். பழைய பக்கங்களில் பெண் பிள்ளைகளுக்கு நேரே ஐந்தாம் வகுப்பு, 'வீட்டில் நிறுத்தம்'. ஐந்தாம் வகுப்பு, 'வீட்டு வேலை'. ஏழாம் வகுப்பு, 'திருமணம்'. ஒரே மை, ஒரே கையெழுத்து, வரிசையாக. பல பக்கங்கள் தள்ளி அந்தக் கட்டத்தில் 'படிப்பு முடிந்தது' என்று பெண்களுக்கும் வர ஆரம்பிக்கிறது. நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதேன். எந்தப் புதுக் கட்டடத்தையும்விடப் பெரிய வளர்ச்சி அது. உங்கள் பதிவேட்டில் அந்த மாற்றம் எந்த வருஷம் வருகிறது என்று கண்டுபிடித்து, மலரில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சாதிக் கட்டமும் இருக்கும். கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று உட்கார வைத்த காலம் நம் பங்குகளில் இருந்தது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் எப்போதிலிருந்து வந்தார்கள் என்பதை மழுப்பாமல் எழுதுங்கள். ஆனால் எந்தக் குடும்பத்தின் பெயரையும் சாதியோடு சேர்த்து அச்சில் ஏற்றாதீர்கள். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பதிவேட்டைக் கையோடு பக்கம் பக்கமாகப் படம் பிடித்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் கரையைக் கடந்தபோது ஓடு பறந்து, பீரோவோடு நனைந்த காகிதங்கள் எத்தனையோ. எங்கள் பதிவேட்டில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டு இன்னும் பிரிக்க வரவில்லை.

பள்ளியில் இல்லாததற்கு ஆயர் இல்லத்தைக் கேளுங்கள். பழைய 'சர்வவியாபி' இதழ்களில் பங்குச் செய்திகள் வரும். பாரீஸ் மிஷன் சபையின் ஆண்டறிக்கைகள் பிரெஞ்சில் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர் ஒருவரைப் பிடித்தால் உங்கள் ஊர் பெயர் வரும் இடங்களைப் படித்துச் சொல்வார்.

அதற்கு முன்னால், இந்த வாரமே, பூசை முடிந்து வெளியே வரும் வயதான பெண்களிடம் எந்த வகுப்பில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணியடித்த ஆயாவையும் சத்துணவு சமைத்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஏட்டில் வரி கிடையாது.