புல்வெட்டி லீவரைக் கட்டிவிடலாமா?

கோண்டாவில் வளவில் புல் வெட்டும்போது கைப்பிடி லீவரை விட்டதும் எஞ்சின் நிற்கிறது, கை உளைகிறது, கம்பியால் கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். கால் இடறி விழுந்தால் பிளேடை நிறுத்துவது அந்த லீவர்தான். அமெரிக்காவில், தள்ளிச் செல்லும் மெசினில் கையை விட்டு 3 செக்கனுக்குள் பிளேடு நிற்கவேண்டும் என்பது 1982இலிருந்து விதி.

முதலில் லீவரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். துருப்பிடித்தால் லீவர் இறுகிவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. புதுக் கேபிள் போட்டதும் கை உளைவே இல்லை. கல் பொறுக்கத்தான் அடிக்கடி விடுகிறீர்கள் என்றால், வெட்டமுன்பே வளவைப் பொறுக்கிவிடுங்கள். எங்கள் புல்லுக்குள் சுண்ணாம்புக்கல்லும் பனங்கொட்டையும் எப்போதும் கிடக்கும், அதனால் கல் பின்னால் தெறிக்காமல் தடுக்கும் பின்மூடியையும் கழற்றவேண்டாம். அப்புறம், பிளேடில் கை வைக்கமுன் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.