கோர்ட் அனுப்பிய சிகிச்சையில் ஆலோசகர் என்னதான் பேசுவார்?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: கஞ்சா வழக்கில் கோர்ட் மகனைச் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறது, உள்ளே என்ன நடக்கும்?

அம்மா, இது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு. அவன் சம்மதித்தால்தான் இந்த வழி. ஒரு வருடத்துக்குள் சிகிச்சையின் பலனைக் கோர்ட்டுக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் படிவம், கையெழுத்து என்றே கொஞ்ச நேரம் போய்விடும். ஆலோசகரான எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மிச்ச நேரம்தான் முக்கியம். "எப்பப்பா அந்த நினைப்பு வருது?" என்று கேட்பேன். ஒரு பையன் சொன்னான்: "சாயங்காலம் ஆறு மணிக்கு வண்ணார்பேட்டை பாலத்தடியில டீ குடிக்க நின்னாலே வருது சார்." அந்த ஆறு மணிக்காகவே மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் அந்த நேரத்துக்கு மாமாவின் பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கப் போனான்.

ஜெயிலைச் சொல்லி மிரட்டினால் வாயே திறக்க மாட்டான். நீங்களும் ஒருநாள் கூட வாங்க.