501-ஆவது யூனிட்டின் விலை: வரவு செலவு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுச் சண்டைகள். யார் சிக்கனம், யார் ஊதாரி என்று தீர்ப்புக் கேட்கிறீர்கள். மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. பேனாவும் காகிதமும் இருக்கின்றன. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கேள்வி: என் மாமனார் அறையைவிட்டு யாராவது ஒரு நிமிடம் வெளியே வந்தாலும் விளக்கை அணைத்துவிடுவார். செல்போன் சார்ஜர் பிளக்கில் இருந்தால் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவார். ஆனாலும் மின்கட்டணம் குறையவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைச் சுற்றியே வருகிறது. இந்தச் சிக்கனத்தால் உண்மையிலேயே பயன் உண்டா? (ஒரு மருமகள், ஈரோடு)

பதில்: மாமனாரின் நோக்கத்தில் தவறே இல்லை. அவர் காவல் காக்கும் இடம்தான் தவறு. செல்போன் மாட்டாத சார்ஜர் இரண்டு மாதம் முழுக்கப் பிளக்கில் தொங்கினாலும் அரை யூனிட்கூட ஓடாது. குளியலறை கீசரைப் பாருங்கள். 2,000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். அதே வேலையைச் செய்யும் பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும்; 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மூன்று விசிறிகளை மாற்றினால் கிட்டத்தட்ட 100 யூனிட் குறைகிறது. சார்ஜரைப் பிடுங்கி இதை ஈடுகட்ட அவருக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

உங்கள் வீட்டில் நடப்பது அதைவிடப் பெரிய வேடிக்கை. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு மதகு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துப் பாருங்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். ஆக 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 2.25 ரூபாய்ச் சலுகை பறந்துவிடும். 101 முதல் 400 வரை முழுக்க 4.50, பிறகு 6, அந்த ஒற்றை யூனிட்டுக்கு 8. கூட்டினால் 1,958 ரூபாய். அந்த 501-ஆவது யூனிட்டின் விலை 233 ரூபாய்! பிறகு கட்டண விகிதங்கள் சற்று ஏறியிருக்கின்றன.

மாமனாருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கணக்கெடுப்பாளர் வந்துபோன நாளில் மீட்டர் காட்டிய எண்ணை நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். முப்பதாம் நாள் மறுபடி பார்க்கட்டும். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கீசர் நேரத்தைக் குறைக்க வீட்டுக்கு உத்தரவு போடட்டும். விளக்கணைக்கும் வேலையைவிட இது அவருக்குப் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். என் அப்பாவுக்குப் பிடித்தது.

கேள்வி: பெரிய பாக்கெட்டாக வாங்கினால் மிச்சம் என்கிறார் கணவர். தேவைக்குச் சின்னதாக வாங்கினால் போதும் என்பது என் கட்சி. (ஒரு வாசகி, விழுப்புரம்)

பதில்: இரண்டு பேரும் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். விலை அச்சிட்டிருக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு விலை என்று ஒன்று இருக்கும். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு, பெரிய பாக்கெட் என்றால் ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று. பொட்டலப் பொருள் விதிகளில் கட்டாயமாக்கப்பட்ட விஷயம் இது. அந்த ஒரு வரியை ஒப்பிட்டால் போதும்.

ஏன் ஒப்பிட வேண்டும் என்றால், முன்பு போல இன்னின்ன பொருள் இன்னின்ன அளவில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் 850 மில்லி பாக்கெட் நிற்கும். முன்னது 160 ரூபாய், பின்னது 140 என்றால் கை தானாக 140-க்குப் போகும். 140-ஐ 850-ஆல் வகுத்தால் மில்லிக்கு 16.5 காசு, ஒரு லிட்டரில் 16 காசு. இன்னொரு பாக்கெட்டில் கிராமில் போட்டிருப்பார்கள். சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் எடை. ‘910 கிராம்’ என்று பார்த்ததும் குறைத்துவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். 800, 840 என்று இருந்தால் கோபப்படலாம்.

ஷாம்பு மட்டும் உங்கள் கட்சி. பல பிராண்டுகளில் பாட்டிலைவிடச் சாஷேயில் மில்லி விலை குறைவு. சாஷே வியாபாரத்துக்கு வழிகாட்டியவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பார்கள். கூலி வேலை செய்பவரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். குப்பை சேரும் என்பது தனிக் கவலை.

பெரிய பாக்கெட்டில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் கை தாராளமாக ஊற்றும். ஐந்து லிட்டர் கேன் வந்த மாதம் எங்கள் வீட்டில் பூரியும் வடையும் வழக்கத்தைவிட அதிகம்.

கேள்வி: மாதம் 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. நகைக்கடைச் சீட்டில் பதினொரு மாதம் போட்டால் கடை ஒரு மாதத் தவணையைத் தானே போட்டுத் தருமாம். வங்கியில் தொடர் வைப்புப் போடுவதைவிட இது லாபம்தானே? (தனியார் பள்ளி ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: காகிதத்தில் லாபம், அதிலும் பெரிய லாபம். பதினொரு தவணையில் 55,000 கட்டுகிறீர்கள். முதல் தவணை பதினொரு மாதமும் கடைசித் தவணை ஒரு மாதமும் கடையில் இருக்கின்றன. அதற்கு 5,000 என்றால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டிக்குச் சமம். வங்கியில் 6.5 சதவீதம் கிடைத்தால் அதே பணத்துக்கு 1,800 ரூபாய் வரும்.

கடைக்காரர் இந்த 5,000-ஐத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தரப்போவதில்லை. சேதாரம் என்ற ஒரு சொல் இருக்கிறதே, அது ரப்பர். 60,000 ரூபாய் நகையில் சேதாரம் எட்டு சதவீதமா பதினாறா என்பதில் 4,800 ரூபாய் உள்ளே போய்விடும். ஆகவே சீட்டில் சேருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சீட்டுப் பேச்சையே எடுக்காமல், ரொக்கம் கொடுத்து வாங்க வந்தவர்போல அந்தக் கடையில் ஒரு சங்கிலிக்கு விலை கேளுங்கள். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கத்துக் கடையிலும் அதே எடைக்குக் கேளுங்கள். ‘சேதாரம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் திட்டம் என்றால் எத்தனை சதவீதம் வரை இல்லை, எந்த நகைகளுக்கு இல்லை என்று கேட்டால் பதில் கொஞ்சம் தயங்கி வரும்.

பதினொரு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 2014-ஆம் ஆண்டின் கம்பெனிகள் வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். அதாவது நீங்கள் கடைக்குக் கொடுப்பது சேமிப்பு அல்ல, முன்பணம். வங்கி மூழ்கினால் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கடை மூடினால் காவல் நிலைய வாசலில் நீண்ட வரிசை உண்டு. தமிழ்நாட்டில் அந்த வரிசையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்துவிட்டோம்.

எப்படியும் நகை வாங்கித்தான் ஆக வேண்டும், மகளுக்குத் தேவைப்படுகிறது என்றால் சேருங்கள். கட்டும் பணத்தை அன்றன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கும் திட்டமாகப் பாருங்கள். விலை ஏறும் காலத்தில் அது காப்பாற்றும், இறங்கினால் கொஞ்சம் கடிக்கும். நகை வாங்கும்போது எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட ஹால்மார்க் அடையாளம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி கேட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாத புது நகையை விற்கக் கூடாது. நகை உடனே தேவையில்லை என்றால் வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ போங்கள்.

கேள்வி: வட்டியில்லாத் தவணையில் பிரிட்ஜ் வாங்கலாமா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி இருக்கும், அதே அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டி நேர் செய்வார்கள். கிரெடிட் கார்டுத் தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். பல இடங்களில் நடைமுறைக் கட்டணமும் உண்டு. 30,000 ரூபாய் பிரிட்ஜுக்கு ஆறு மாதத் தவணையில் இவை சேர்ந்து சுமார் 500 ரூபாய் வரலாம். கையில் பணம் இல்லை, கோடை வந்துவிட்டது என்றால் 500 ஒன்றும் கொள்ளை இல்லை. கையில் பணம் இருந்தால், ‘முழுத்தொகையும் இப்போதே தருகிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்’ என்று ஒரு முறை கேளுங்கள். ஒரு தவணையாவது தவறும் சந்தேகம் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பது வழக்கம். அப்பா ஐந்து வருடமாகச் செய்த மொய்க்கு இந்த ஆண்டு நாங்கள் விருந்து வைக்கிறோம். பெரும் தொகை வரும். இதை வருமானம் என்கிறான் தம்பி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பேராவூரணிப் பக்கத்து வாசகர்)

பதில்: தம்பியைச் சீக்கிரம் உட்காரவைத்துப் பேசுங்கள்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே மொய்க்கென்று அழைப்பிதழ் அடித்து, கறி விருந்து போட்டு, மேசை போட்டு மொய் எழுதுவார்கள். செலவைப் பகிர்ந்துகொள்ள நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும் உண்டு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. மொய் நோட்டும் மானமும்தான் ஈடு. வங்கி ஏறாத விவசாயி, ஆழ்துளைக் கிணறு போட ஒரே நாளில் லட்சக்கணக்கில் திரட்டிக்கொள்ள முடிந்தது இதனால்தான். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு.

ஆனால் விருந்து முடிந்த இரவு பணத்தை இரண்டு கூறாகப் பிரியுங்கள். அப்பா மற்றவர்களுக்குச் செய்திருந்தது ஒரு கூறு. அது உங்கள் சொந்தப் பணம், திரும்பி வந்திருக்கிறது. அதற்கு மேல் வந்தது புது மொய், அது கடன். அப்பா செய்தது 3 லட்சம், வந்தது 5 லட்சம் என்றால் 2 லட்சத்தை நீங்கள் அடுத்த சில ஆடிகளில் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். அதுவும் வாங்கியதை அப்படியே கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். கூடக் கொஞ்சம் வைக்க வேண்டும். விருந்துச் செலவை எந்தக் கூறிலிருந்து எடுப்பது என்று கேட்காதீர்கள், சொந்தக் கூறிலிருந்துதான்.

இந்தப் பணத்தில் தம்பி மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தால் பிடித்து நிறுத்துங்கள். மாடு, மோட்டார், கிணறு, இருக்கிற வட்டிக்கடனை அடைப்பது, இவை சரி. இன்னொன்று, மொய் நோட்டைப் படம் எடுத்து இரண்டு பேரின் செல்போனில் வையுங்கள். கறையான் மொய் நோட்டைச் சாப்பிட்ட வீட்டில் நடந்த பங்காளிச் சண்டையை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் வாங்கித் தரும் புடவைகளை அம்மா கட்டுவதே இல்லை. ‘நல்லது கெட்டதுக்கு ஆகும்’ என்று பீரோவில் வைத்துவிட்டுச் சாயம் போன புடவையையே கட்டுகிறார். சிக்கனம் என்ற பெயரில் இது என்ன பழக்கம்? (மகன், சென்னை)

பதில்: இல்லாத காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, இருப்பது தீர்ந்துவிடும் என்ற பயம் லேசில் போகாது. அதோடு வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். அவர்கள் மொழியிலேயே பேசுங்கள்: கட்டாமல் வைத்த பட்டு வீணாகும். மடிப்பு மாற்றாமல் பல வருடம் கிடந்தால் அதே கோட்டில் இழை விட்டுப்போகும். அந்துருண்டை பட்டால் ஜரிகை கறுக்கும். என் அத்தை ஒருவரின் மயில்கழுத்து நிறப் பட்டை, அவர் போன பிறகு பிரித்தோம். உடுத்திய சுவடே இல்லை. மடிப்பு மடிப்பாகக் கையோடு வந்தது.

அம்மாவோடு உட்கார்ந்து பீரோவைத் திறந்து புடவைகளை மாற்றி மடியுங்கள். அப்போது ஒன்றை எடுத்து, ‘இதை வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த தடவை வாங்கும்போது பட்டு வேண்டாம். அவர் ‘இது என்ன, சாதாரணம்தானே’ என்று நினைக்கும் விலையில் நல்ல பருத்திப் புடவையாக வாங்குங்கள். மறுநாளே கட்டிவிடுவார்.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள். வாங்கிய குக்கரில் கைப்பிடி ஆடுகிறது. கடைக்காரர் அந்த வரியைக் காட்டுகிறார். (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: அந்த வரி உங்கள் குக்கருக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. முதலில் கடையில் எழுதிக் கொடுங்கள். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

ரசீதை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். இப்போது தரும் வழவழப்பான வெப்பத் தாள் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். என் மிக்சிக்கு இரண்டு வருட உத்தரவாதம். அதன் ரசீது ஏழாவது மாதமே வெற்றுத் தாளாகிவிட்டது.