சிவப்புக்கு மேல் நிறம் இல்லை – கடிதம்

அன்புள்ள சார்,

மழைமானி பற்றி நீங்கள் எழுதியதை இப்போதுதான் படித்தேன். எனக்கு ஊர் ஆறுமுகநேரி. 2023 டிசம்பர் 17 ராத்திரி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று மறுநாள் சொன்னார்கள். சாட்டிலைட், ரேடார், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு எங்களுக்கு ஏன் முன்னாலேயே சொல்ல முடியவில்லை? இன்னொரு சந்தேகம். அதற்கப்புறம் போனில் ரேடார் படம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. தலைக்கு மேலே சிவப்பாகக் காட்டுகிறது, வாசலுக்கு வந்து பார்த்தால் தூறல்கூட இல்லை. இதை நம்பலாமா?

செ., ஆறுமுகநேரி

அன்புள்ள செ.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதற்குப் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

ரேடாருக்கு மழை எவ்வளவு என்று நேராகத் தெரியாது. அது அனுப்புகிற அலை துளிகளில் பட்டுத் திரும்பி வருகிறது, வந்த எதிரொலி எவ்வளவு பலமானது என்பதுதான் அதற்குத் தெரியும். அதிலிருந்து மழையைக் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். இந்தக் கணக்கில்தான் வில்லங்கம். எதிரொலி துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. 3 மி.மீ. துளி ஒன்றில் இருக்கிற தண்ணீர், 1 மி.மீ. துளிகள் 27-க்குச் சமம். ஆனால் அது தருகிற எதிரொலி 729 துளிகளுக்குச் சமம்! சித்திரை மாதக் கோடைமழை நாலு பெருந்துளியைப் போட்டுவிட்டுப் படத்தில் சிவப்பாக மிரட்டும், கடலிலிருந்து வருகிற கார்த்திகை, மார்கழி மழை சிறு துளிகளாக அடைத்துக்கொண்டு விடிய விடியக் கொட்டிவிட்டு படத்தில் சிவப்புக்கு ஒரு படி கீழே இருக்கிற மஞ்சளோடு நின்றுவிடும். 1948-இல் மார்ஷல், பால்மர் என்ற இருவர் கனடாவில் துளிகளின் அளவுப் பரவலை அளந்து ஒரு சராசரி வாய்ப்பாட்டுக்கு வழி செய்தார்கள். உலகம் முழுக்க இன்னமும் அதன் தம்பி தங்கைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். கனடா மழையின் சராசரி காயல்பட்டினத்து மழைக்கு அப்படியே பொருந்தாது, அதனால் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்றபடி எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று உயரம். ரேடார் கதிர் லேசாக மேல்நோக்கிப் போகும், பூமியோ உருண்டையாகக் கீழே வளைந்துவிடும். அரை டிகிரி சாய்வில் விட்ட கதிர் 100 கி.மீ. தூரத்தில் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும், 200 கி.மீ.யில் நாலு கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். அங்கே தெரிகிற மழை தரைக்கு வருவதற்குள் காற்றில் காய்ந்துபோகலாம், பக்கத்து ஊருக்குத் தள்ளிக்கொண்டு போகப்படலாம். நீங்கள் வாசலில் நின்று ஏமாந்தது இப்படித்தான் இருக்கும். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. கதிருக்கு அடியில், தாழ்ந்த மேகத்திலிருந்து கொட்டுகிற மழை ரேடாரின் கண்ணிலேயே படாது.

இப்போது வரைபடத்தை எடுத்து உங்கள் ஊரைப் பாருங்கள். காரைக்கால் ரேடார் உங்களிடமிருந்து முந்நூறு கி.மீ.க்கு மேல், மழையை அளக்கிற தூரத்தையே தாண்டியாயிற்று. திருவனந்தபுரம் ரேடார் 130 கி.மீ. சொச்சம்தான், ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலைக்கு மேலே எட்டிப் பார்க்கக் கதிரை உயர்த்தினால் உங்கள் ஊர் மழையின் தலை மட்டும் தெரியும், உடம்பு தெரியாது. ராமநாதபுரத்தில் ஒரு ரேடார் வைக்க மாநில அரசு திட்டமிட்டிருக்கிறது. அது வந்தால் இந்த ஓட்டை பெருமளவு அடைபடும்.

சரி, ரேடார் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் சொல்லியிருக்க வேண்டாமா? ஓரளவு சொல்லத்தான் செய்தது. குமரிக்கடல் பக்கம் காற்றுச் சுழற்சி இருப்பதும் தென்மாவட்டங்களில் கனமழை பெய்யும் என்பதும் முன்னாலேயே தெரியும். எவ்வளவு என்பதில்தான் தோற்றது. மாதிரி என்பது பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலையைக் கணிக்கிற கம்ப்யூட்டர் கணக்கு. வானிலைத் துறை அப்போது ஓட்டிக்கொண்டிருந்த உலக மாதிரிக்கு ஒரு கட்டம் 12 கி.மீ., அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தனித்தனியாகத் தெரியாது. திருச்செந்தூருக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவே பத்து கி.மீ.கூட இல்லை. அங்கே 69 செ.மீ., இங்கே 95. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே ஊர்.

மழை விட்டதும் ஒரு சண்டை நடந்தது, நினைவிருக்கும். இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லை என்றது மாநில அரசு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்தோமே என்றது வானிலைத் துறை. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. அதிகனமழை என்பது ஒரு நாளில் 20.4 செ.மீ.க்கு மேல். சிவப்பு அதற்கானது. 21-ம் சிவப்புதான், 95-ம் சிவப்புதான், அதற்கு மேல் நிறமே வைத்துக்கொள்ளவில்லை. 21 செ.மீ.க்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், 95 செ.மீ.க்கு ஊரையே காலி செய்ய வேண்டும். கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற தாளில் இரண்டுக்கும் ஒரே வாசகம் என்றால் அவர்தான் என்ன செய்வார்?

பக்கத்திலேயே ரேடார் இருந்தால் வெள்ளத்தைச் சொல்லிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015 டிசம்பர் 1-இல் சென்னையில் ரேடார் துறைமுகத்திலேயே உட்கார்ந்திருந்தது. தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 47 செ.மீ. மழை 220 சதுர கி.மீ. பரப்பில் விழுந்து அத்தனையும் ஓடிவந்தால், செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடி நிறைந்துவிடும். அதுவும் காலி ஏரியாக இருந்தால்! நவம்பர் முழுக்கப் பெய்து ஏரியில் இடமே கொஞ்சம்தான். கடைசியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த எண்தான். ஆனால் தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளிலிருந்து அடையாற்றுக்கு வந்த தண்ணீருக்கு மதகும் கிடையாது, அளக்க ஆளும் கிடையாது.

உங்கள் பக்கம் இது இன்னும் சிக்கல். நீரியல் மாதிரி என்பது அடிப்படையில் ஒரு சரிவுக் கணக்கு. இவ்வளவு மழை, அதில் மண் இவ்வளவு குடிக்கும், மீதி இத்தனை மணி நேரத்தில் ஆற்றுக்கு வரும். தாமிரபரணியின் கீழ்ப்பகுதியிலோ தண்ணீர் சரிவில் நேராக ஓடுவதில்லை, குளத்தில் நிற்கிறது, நிறைந்ததும் மறுகால் என்கிற உபரிநீர் வழியாகப் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. மறுகால் தாங்காவிட்டால் கரை உடையும், உடைந்தால் அடுத்த குளமும் சேர்ந்து போகும். ஆறு மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிட்டு அரை மணியில் தெருவுக்குள் வருகிற வெள்ளம் இந்த வகை. எந்தக் கரை பலவீனம், எந்த மறுகாலை யார் மண் மூட்டை போட்டு அடைத்திருக்கிறார்கள் என்பது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. குளத்து மடையைத் திறந்து மூடுகிற உங்கள் ஊர் மடைக்காரருக்குத் தெரியும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைப் பற்றி அந்த வாரம் எல்லோரும் பேசினார்கள். அணைக்குக் கீழே ஸ்ரீவைகுண்டத்தில் பெய்த 62 செ.மீ.யை அணை எப்படிப் பிடிக்கும்? செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது இந்த மழையில்தான்.

ரேடார், மாதிரி இரண்டையும் சரிபார்க்கக் கடைசியில் தரையில் இருக்கிற மழைமானிதான் வேண்டும். அதன் வாய் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. பல வருஷத்துக்கு முன் ஒரு அலுவலகத்தில் மழைமானியை வேப்பமரத்தடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன், ஏன் என்று கேட்டதற்கு நிழலாக இருக்கட்டுமே என்றார்கள். அந்த எண்ணை வைத்து எந்த ரேடாரைத் திருத்துவது, சொல்லுங்கள்.

படத்தை நம்பலாமா என்று கேட்டீர்கள். ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். அரை மணி நேரத்துப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, மேகம் நகர்கிறதா, அல்லது கடலிலிருந்து புதிது புதிதாக வந்து ஒரே இடத்தில் குவிகிறதா என்று பாருங்கள். மஞ்சளாகவே இருந்தாலும் குவிந்துகொண்டே இருந்தால் உஷாராகிவிடுங்கள்.

ஒரு உதவி வேண்டும். அன்றைக்கு வந்த தண்ணீரின் கறை உங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் இருந்தால், தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, எத்தனை மணிக்கு அந்த மட்டத்துக்கு வந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பக்கத்து வீடுகளிலும் கேளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு மாதிரியைச் சரிபார்க்க இந்த மாதிரிக் கறைகளைத்தான் தேடிக்கொண்டு அலைகிறார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிடவில்லையே?