வேலிக்கு அந்தப்பக்கம் காய்க்குது, இந்தப்பக்கம் ஏன் வரல? – தோட்ட மண்ணு பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் அக்கா. கிராமத்துல புதுசா வீடு கட்டி குடிவந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பின்னாடி இருக்குற இடத்துல தக்காளி, கத்தரின்னு என்னென்னமோ வச்சு பாத்துட்டேன், எதுவும் முழங்கால் உயரத்த தாண்டல. மழை பெஞ்சா ரெண்டு நாள் தண்ணி நிக்குது, காஞ்சா பாளம் பாளமா வெடிக்குது. வேலிக்கு அந்தப்பக்கம் அதே விதைய போட்டு கூடை கூடையா பறிக்குறாங்க. ஒரே ஊர் மண்ணு தானே? என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் வாங்குறத ஒரு வாரம் தள்ளி வைங்க தம்பி, மொதல்ல ஒரு குழி வெட்டுங்க. ஒரே ஊரா இருந்தாலும் ஒரே மண்ணா இருக்கணும்னு இல்ல. ஹான்ஸ் ஜென்னின்னு ஒரு மண்ணியல் அறிஞர் 1941லயே சொன்னாரு, மண்ணு உருவாக அஞ்சு விஷயம் காரணம்னு: அடியில இருக்குற பாறை, தட்பவெப்பம், நிலத்தோட மேடு பள்ளம், அதுல வாழுற உயிர்கள், அப்புறம் காலம். உங்க ரெண்டு பேருக்கும் மழையும் வெயிலும் ஒண்ணுதான், ஆனா மேட்டுல அரிச்ச மண்ணு பள்ளத்துல தான போய் சேரும், அதனால நாலு தப்படி தள்ளுனாலே மண்ணு மாறிடும்.

ஆனா நீங்க எழுதுனத படிச்சப்ப எனக்கு வேற ஒரு சந்தேகம் வருது. புது வீடுன்னு சொன்னீங்கல்ல, அஸ்திவாரத்துக்கு தோண்டுன அடிமண்ண பின்னாடி கொட்டி நிரவி விட்டுருப்பாங்க, நிறைய இடத்துல இது நடக்குது. குழிய ஒரு 45 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டு சுவர கத்தியால லேசா சீவி விட்டு உக்காந்து பொறுமையா பாருங்க. மேல வெளிறுன கட்டி மண்ணும், அதுக்கு கீழ கறுப்பா, பழைய புல் வேரெல்லாம் மக்கிப்போயி ஒரு பட்டையும் தெரிஞ்சா, அந்தப் பட்டைதான் உங்களோட நெஜ மேல்மண்ணு, புதைஞ்சு கெடக்கு. சாம்பல் நெறத்துல துரு மாதிரி புள்ளிகளோட இருந்தா வருஷத்துல பல நாள் அங்க தண்ணி கட்டி நின்னுருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது தண்ணி வடியுற வேகம். பக்கத்துலயே 30 சென்டிமீட்டர் ஆழத்துல இன்னொரு சின்ன குழி போட்டு தண்ணி ரொப்பி வடிய விடுங்க, மறுபடி ரொப்பி ஒரு குச்சிய நட்டு, ஒரு மணி நேரத்துல எவ்வளவு எறங்குதுன்னு அளங்க. 2.5 லேந்து 7.5 சென்டிமீட்டர் எறங்குனா நல்ல மண்ணு. 2.5க்கும் கம்மின்னா வேர் மூச்சு முட்டி அழுகும், எந்த உரம் போட்டாலும் அத எடுத்துக்க வேருக்கு தெம்பு இருக்காது, அதனால மேட்டுப்பாத்தி போடுறது தான் வழி. பாத்திய நிரப்ப புதைஞ்ச கறுப்பு மண்ணயே தோண்டி எடுத்து மக்குன உரத்தோட கலந்துக்கோங்க.

கேள்வி: களிமண்ணுல மணல் கலந்தா பொலபொலன்னு ஆயிடுமா?

பதில்: ஆகாதுங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. களித்துகள் ஒரு மில்லிமீட்டர்ல 500ல ஒரு பங்க விட சின்னது, மணலுக்கு நடுவுல இருக்குற சந்தெல்லாம் அது போய் அடைச்சுக்கும், காஞ்சா செங்கல் மாதிரி இறுகிடும். மக்குன தொழு உரம் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு பரப்பி மேல் மண்ணோட கலந்து விடுங்க, மேல சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்கு போடுங்க, வருஷா வருஷம் இதையே செய்யுங்க. களிமண்ண நான் குறை சொல்ல மாட்டேன், சத்த புடிச்சு வச்சுக்குறதுல மணல் அதுக்கு கிட்ட கூட வராது. ஈரமா இருக்கும்போது மட்டும் கொத்தவோ மிதிக்கவோ கூடாது.

கேள்வி: எலை மஞ்சளா ஆகுது. மண்ணுல காரம் ஜாஸ்தி, கந்தகம் போடுன்னு சொல்றாங்க. போடலாமா அக்கா?

பதில்: எந்த எலைன்னு பாத்தீங்களாம்மா? அடியில இருக்குற பழைய எலை முழுசா மஞ்சளானா பெரும்பாலும் தழைச்சத்து பத்தல. நுனியில புது எலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது இரும்புச்சத்து குறை, காரம் கூடுன மண்ணுல இது வரும். மண்ணுல இரும்பு இருக்கும், செடியால எடுத்துக்க முடியாது.

கந்தகம் போடுறதுக்கு முன்னாடி காஞ்ச மண்ணு ஒரு ஸ்பூன் எடுத்து அதுல வினிகர் ஊத்துங்க. புஸ்ஸுன்னு நொரைச்சா மண்ணுல சுண்ணாம்பு கலந்துருக்கு, அப்ப கந்தகம் போட்டு பிரயோஜனம் இல்ல, அதுல உண்டாகுற அமிலத்த எல்லாம் அந்த சுண்ணாம்பு தின்னுடும். இது தெரியாம நான் ரெண்டு வருஷம் மூட்டை மூட்டையா கொட்டுனேன், காசு போச்சு, ஒரு செடி கூட பச்சை ஆகல, அத இப்ப நெனச்சாலும் மனசு வலிக்குது. அந்த மாதிரி மண்ணுக்கு சீலேட் பண்ணுன இரும்பு, அதாவது காரமான மண்ணுலயும் செடி எடுத்துக்குற மாதிரி தயாரிச்ச இரும்புச்சத்து குடுக்கலாம், இல்லன்னா காரத்த தாங்குற செடியா பாத்து வைக்கலாம்.

நொரைக்கலன்னாலும் குத்துமதிப்பா போடாதீங்க, மண் பரிசோதனைக்கு குடுத்து பிஹெச் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கோங்க, அது மண்ணு அமிலமா காரமான்னு சொல்ற எண்ணு, 7க்கு கீழ அமிலம், மேல காரம். முக்கால்வாசி காய்கறிக்கு 6 லேந்து 7க்குள்ள இருந்தா போதும். அதுல ஒரு எண்ணு மாறுனா அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுதுன்னு அர்த்தம், அதனால 7க்கும் 8க்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த சின்னதுன்னு நெனைக்காதீங்க.

மண்ணு எடுக்குறதுல தான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. ஒரே எடத்துல ஒரு பிடி அள்ளக்கூடாது, தோட்டம் பூரா குறுக்கும் நெடுக்குமா நடந்து ஒரு பத்து எடத்துல மேல கெடக்குற சருக ஒதுக்கிட்டு, வி வடிவத்துல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, சரிவுல மேலேந்து கீழ வரைக்கும் ஒரு விரல் கனத்துக்கு சீவி எடுங்க. எல்லாத்தையும் பிளாஸ்டிக் வாளியில போட்டு கலக்குங்க, துத்தநாகம் பூசுன தகர வாளி வேணாம், துத்தநாகத்தோட அளவு தப்பா காட்டும். உரக்குழி ஓரம், மரத்தடி, போன வாரம் உரம் வச்ச எடம், இதெல்லாம் விட்டுடுங்க. நெழல்ல காய வச்சு அரை கிலோ அனுப்புனா போதும். செடி நல்லா வர்ற பாத்தி ஒண்ணு இருந்தா அந்த மண்ண தனியா இன்னொரு பையில போட்டு அனுப்புங்க, ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா எது கொறையுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்மா.